கிட்டார் வகுப்புக்கு எந்த ஆம்ப்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலோ பள்ளியிலோ கிட்டார் சொல்லிக்கொடுப்பவர்கள் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பிளிஃபையர்) பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எத்தனை வாட் வாங்கலாம்? அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

சார், ஆறு மாதமாக வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் வகுப்பு நடத்துகிறேன். அறை 10க்கு 12 அடி. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். என்னிடம் இருக்கும் பழைய ஆம்பில் இரண்டு இன்புட் இருப்பதால் நானும் பிள்ளையும் அதிலேயே செருகிக்கொள்கிறோம். புதிதாக வாங்கலாம் என்று கடையில் கேட்டால், 50 வாட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள் என்கிறார்கள். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. என்ன வாங்கலாம்? (வாசகர், திருச்சி)

ஒரு பெரிய ஆம்ப் வேண்டாம். இரண்டு சின்னது வாங்குங்கள், உங்களுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று.

ஏன் சொல்கிறேன் என்றால், நானும் முதல் இரண்டு வருடம் நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்துகொண்டிருந்தாள். சி கார்டு (பல கம்பிகளைச் சேர்த்துத் தட்டும் ஒரு சுரக்கூட்டு) பிடிக்கும்போது அவளுடைய நடுவிரல் நாலாம் கம்பியில் சரியான இடத்தில்தான் இருக்கும், ஆனால் விரலின் வயிறு லேசாகச் சாய்ந்து பக்கத்திலிருக்கும் மூன்றாம் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கம்பி விரல் படாமல் திறந்து ஒலிக்க வேண்டிய கம்பி. மூன்று வாரம் எனக்கு அது கேட்கவே இல்லை, ஏனென்றால் நானும் கூடவே வாசித்துக்கொண்டிருந்தேன், என் மூன்றாம் கம்பி அதே ஸ்பீக்கரில் மணி மாதிரி ஒலித்து அவளுடைய ஊமைக் கம்பியை மூடிவிட்டது. ஒருநாள் என் கேபிள் அறுந்துபோய் அவள் மட்டும் வாசித்தாள், 'டக்' என்று கட்டையில் தட்டியதுபோல ஒரு சத்தம். அவளும் நிமிர்ந்து பார்த்தாள், நானும் பார்த்தேன். அடுத்த வாரமே இரண்டாவது ஆம்ப் வாங்கிவிட்டேன்.

இரண்டு ஆம்பையும் ஒட்டி வைக்காதீர்கள். உங்களுடையது உங்கள் பக்கம், பிள்ளையுடையது பிள்ளையின் பக்கம், நடுவில் ஆறேழு அடி இருக்கட்டும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்தே எது யாருடைய ஒலி என்று காது பிரித்துக்கொள்ளும். அப்புறம், தரையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரிலிருந்து கீச்சு ஒலிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்க்கோட்டில் போகும். தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குப் போகிறது, உங்களுக்கு மந்தமாகக் கேட்பதால் டிரெபிளை ஏற்றிக்கொண்டே போவீர்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் காதைக் கிழிக்கும். ஒரு ஸ்டூல் மேல் வைத்துக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை காசில்லாமல் தீர்ந்துவிடும்.

சரி, வாட். வாட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 10 வாட்டை 20 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல், கவனித்துக் கேட்டால்தான் தெரியும். கேட்பவருக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 10 வாட் ஆம்புக்கும் 50 வாட் ஆம்புக்கும் நடுவே நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இடைவெளி கிடையாது. 10க்கு 12 அறைக்கு 3 முதல் 20 வாட் வரை எது வாங்கினாலும் மிச்சம்தான். டிரம்ஸ் வாசிப்பவரோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் 50 வாட்டின் பேச்சே வரும். வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளால் ஒலியைப் பெருக்குவது) என்றால் இன்னும் கவனம், 15 வாட் வால்வு ஆம்பை அது இனிமையாகப் பேசும் இடம் வரை திருகினால் அந்த அறையில் யாரும் இருக்க முடியாது.

பெரிய ஆம்பில் இன்னொரு தொல்லை, அது சின்ன சத்தத்தில் நன்றாக வேலை செய்யாது. நான் ஆரம்பத்தில் செகண்ட் ஹேண்டில் 60 வாட் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். வால்யூம் குமிழை ஒன்றுக்குக் கீழே ஒரு மயிரிழை நகர்த்தினால் ஒன்றுமே கேட்காது, ஒரு மயிரிழை கூட்டினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நடுவில் நிற்கவே நிற்காது. வகுப்பு நேரத்தில் பாதி அந்தக் குமிழோடு போனது.

என்ன இருக்க வேண்டும் என்றால், சுத்தமான கிளீன் ஒலி, ஹெட்போன் ஓட்டை, போனிலிருந்து பாட்டுப் போட ஆக்ஸ் இன்புட். இந்த மூன்றும் இருந்தால் போதும். ஆக்ஸ் எதற்கு என்றால், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர்களுக்கு பேக்கிங் டிராக்கோடு (பதிவு செய்த பின்னணி இசையோடு) வாசிக்கவைப்பதுதான் பாடமே. ஃபெண்டர் ஃபிரண்ட்மேன் 10ஜி, ஃபெண்டர் சாம்பியன் 20, ஆரஞ்சு க்ரஷ் 20, ரோலண்ட் மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ் என்று இந்த அளவில் நல்லவை இருக்கின்றன. மைக்ரோ க்யூப் 3 வாட்தான், ஆறு ஏஏ செல் போட்டாலும் ஓடும், கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது. உங்கள் 20,000 ரூபாயில் எந்த இரண்டு அடங்கும் என்பதைக் கடையில் அன்றைய விலை கேட்டு முடிவு செய்யுங்கள். பணம் இடித்தால் ஒன்றைப் புதிதாகவும் ஒன்றைப் பழையதாகவும் எடுங்கள், புதிது பிள்ளைக்கு.

பிள்ளையின் ஆம்பில் ரிவெர்ப் (ஹாலில் வருவது போன்ற முழக்கம்), டிலே (திரும்ப வரும் எதிரொலி), டிஸ்டார்ஷன் (கரகரப்பு) எல்லாம் பாட நேரத்தில் அணைந்தே இருக்கட்டும். ரிவெர்ப் போட்டால் கார்டு மாறும்போது விழும் ஓட்டையை அது பூசி மெழுகிவிடும், டிஸ்டார்ஷன் போட்டால் மெதுவாகத் தட்டியதும் பலமாகத் தட்டியதும் ஒரே அளவில் வந்துவிடும். கடைசிப் பத்து நிமிடம் போடுங்கள், அதற்காகவே சில பிள்ளைகள் வருகிறார்கள், அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அதற்கு முன்னால் வேண்டாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1842இல் தொடங்கி இப்போது அண்ணா சாலையில் இருக்கிற மியூசி மியூசிகல் போன்ற பழைய கடைகளில் வாசித்துப் பார்த்து வாங்கலாம். உங்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துப் போங்கள், கடைக் கிட்டாரில் கேட்டது வீட்டில் கேட்காது. வால்யூமை மிகக் குறைவாக வைத்துக் கேளுங்கள், வகுப்பில் நீங்கள் வைக்கப்போவது அங்கேதான்.

மேடம் ஒருவர் விலகியதால் எங்கள் பள்ளியில் கிட்டார் வகுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 20 பிள்ளைகள், எல்லாரிடமும் சாதாரண அக்குஸ்டிக் கிட்டார், பெரிய ஹால். நான் வாசிப்பது கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது. பள்ளியில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் சும்மா கிடக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? (வாசகி, நாகர்கோவில்)

அந்த ஆம்பை விட்டுவிடுங்கள். எலக்ட்ரிக் கிட்டாருக்கான ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். எலக்ட்ரிக் கிட்டாருக்கு அது நல்லது, ஆனால் அக்குஸ்டிக் கிட்டாரின் உயிர் அதற்கு மேலேதான் பாதி இருக்கிறது, கம்பியில் பிக் (தட்டும் சின்னத் தகடு) உரசும் அந்தச் சலசலப்பு. அது போய்விட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசித்ததுபோல இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது அக்குஸ்டிக் ஆம்ப், அதுவும் இரண்டு சானல் உள்ளது, ஒன்றில் கிட்டார், இன்னொன்றில் மைக். உங்கள் தொண்டைதான் இங்கே முதல் கவலை. கிட்டார் கேட்காவிட்டால் பிள்ளைகள் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள், உங்கள் குரல் போனால் வகுப்பே நின்றுவிடும். ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட், இரண்டு சானல், அந்த ஹாலுக்குத் தாராளம். ரோலண்ட் ஏசி-33 எட்டு ஏஏ செல்லிலும் ஓடும், மரத்தடியில் வகுப்பு எடுப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். பள்ளி அவ்வளவு செலவு செய்யாது என்றால், டீச்சர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கரும் தலையில் மாட்டும் மைக்கும் முதலில் வாங்குங்கள், குரலுக்கு அது போதும். கிட்டாரைக் கையில் பிடித்தபடி பேச வேண்டியிருப்பதால் தலை மைக்தான் வசதி.

உங்கள் கிட்டாரில் பிக்-அப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரி இருக்கும், கேபிளைச் செருகிய உடனே அது செலவாக ஆரம்பித்துவிடும், நீங்கள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். வகுப்பு முடிந்ததும் கிட்டார் பக்கத்து ஜாக்கைக் கழற்றிவிடுங்கள். திங்கட்கிழமை காலை ஒலி கரகரவென்று வந்தால், வெள்ளிக்கிழமை யாரோ கழற்ற மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆம்ப் கெட்டுப்போகவில்லை.

ஆம்புக்கு நேர் எதிரே நின்று வாசிக்காதீர்கள், ஸ்பீக்கர் ஒலி கிட்டாரின் வயிற்றுக்குள் புகுந்து 'ஊ...' என்று ஊளையிடும். ஆம்பை உங்களுக்கு ஒரு பக்கமாக, அரை அடி முன்னால் வைத்து பிள்ளைகளைப் பார்த்துத் திருப்புங்கள். அப்படியும் ஊளையிட்டால் பேஸை (கனத்த ஒலியை) குறையுங்கள், கிட்டாரின் துளைக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது, அதைப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. 20 பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர்களை விஞ்சிக் கேட்க வேண்டுமென்று ஆம்பை ஏற்றாதீர்கள். நீங்கள் ஏற்ற ஏற்ற அவர்களும் பலமாகத் தட்டுவார்கள். நீங்கள் வாசிக்கும்போது எல்லாரும் உள்ளங்கையால் கம்பியை மூடியிருக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் கொண்டுவாருங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

ஆம்பைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று உறுமல். கம்பியைத் தொட்டால் குறைகிறது. சில நாள் கையில் லேசாகச் சுருக்கென்றும் அடிக்கிறது. ஆம்ப் மூன்று பின் பிளக், வீட்டில் இரண்டு பின் சாக்கெட் என்பதால் அடாப்டர் போட்டிருக்கிறேன். புது ஆம்ப் வாங்க வேண்டுமா? (வாசகர், மதுரை)

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன் அந்த ஆம்பைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

உறுமல் வேறு, சுருக்கென்று அடிப்பது வேறு. கம்பியைத் தொட்டதும் உறுமல் குறைவது சாதாரணம், எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும், உங்கள் உடம்பும் அதோடு சேரும்போது இரைச்சல் அடங்குகிறது. ஆனால் கையில் அடிக்கிறது என்றால் எர்த் இல்லாத ஆம்பிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் உங்களைத் தேடுகிறது. அந்த மூன்றாவது பின்தான் உங்களைக் காப்பாற்ற வேண்டியது, இரண்டு பின் அடாப்டர் அதைத் துண்டித்துவிட்டது. 1972இல் வேல்ஸில் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். பிள்ளைகள் வெறுங்காலோடு, சில சமயம் வியர்த்த கையோடு வந்து அந்தக் கம்பியைத் தொடுகிறார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வகுப்பு நடக்கும் அறைக்கு எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட் போடச் சொல்லுங்கள், எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள், மெயின் போர்டில் இஎல்சிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள். பிறகும் ஆம்ப் அடித்தால் பழுது ஆம்புக்குள் இருக்கிறது, சரிபார்க்கும் வரை தொடாதீர்கள்.

இத்தனையும் செய்தபிறகு மிச்சம் இருக்கும் உறுமலுக்கு, ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஃபேன் இரண்டிலோ மூன்றிலோ ஓடும்போது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்-அப் உள்ள கிட்டார் 'ஜ்ஜ்' என்று இரையும், ஐந்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் அப்படித்தான். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இரையும், கரண்ட் வந்ததும் போய்விடும். இதில் எதுவுமே ஆம்பின் குற்றமல்ல.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. மாலை 5 முதல் 8 வரை வகுப்பு. கீழ்வீட்டு அம்மா இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார். வால்யூமைக் குறைத்தாலும் கேட்கிறதாம். (வாசகி, சென்னை)

அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆம்பின் அதிர்வு கான்கிரீட் வழியாக நேராக அவர் வீட்டுக் கூரைக்குப் போகிறது. ஸ்டூலின் நான்கு காலுக்கும் கீழே தடித்த ரப்பரோ மடித்த யோகா பாயோ வையுங்கள், பேஸைக் குறையுங்கள், ஆம்பைப் பொதுச் சுவரில் சாய்க்காமல் அரை அடியாவது தள்ளி வையுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வது பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. உங்கள் வகுப்பு பகல் கணக்கில்தான் வருகிறது, ஆனாலும் சட்டத்தைக் காட்டிப் பேசுவதைவிட ஒருநாள் பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே போய் அவர் வீட்டு ஹாலில் நின்று கேளுங்கள். எந்த அளவில் கேட்கவில்லையோ, அந்த இடத்தில் வால்யூம் குமிழில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். இருவரும் கேட்க வேண்டுமென்றால் ஹெட்போன் ஸ்ப்ளிட்டர் வேண்டும், ஒயர் உள்ளதாக இருக்க வேண்டும். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம், தட்டியதற்கும் கேட்பதற்கும் நடுவில் ஒலி தாமதமாகும், தாளம் கற்கும் பிள்ளையைக் குழப்பிவிடும். பெரிய ஆம்ப்தான் வேண்டும் என்றால் பாஸ் கட்டானா 50 போல 50 வாட்டை அரை வாட்டாகக் குறைக்கும் வசதி உள்ளதைப் பாருங்கள்.

ஹோம் தியேட்டரில் அல்லது கோயில் விழா ஆம்பிளிஃபையரில் கிட்டாரைச் செருகலாமா? (வாசகர், ஈரோடு)

எலக்ட்ரிக் கிட்டாரை நேராகச் செருகினால் ஒலி மெலிந்து, சுரத்தில்லாமல் வரும். கிட்டாரின் காந்தப் பிக்-அப் தருவது மிகச் சின்ன சிக்னல், அதை வாங்கும் கருவி 10 லட்சம் ஓம் அளவுக்கு இன்புட் எதிர்ப்பு உள்ளதாக இருக்க வேண்டும், டிவிடி பிளேயருக்காகச் செய்த இன்புட் அப்படி இருக்காது. நடுவில் ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் (பலவித ஒலி மாற்றங்களைத் தரும் சின்னப் பெட்டி) வைத்தால் தாராளமாக ஓடும். பேட்டரி போட்ட அக்குஸ்டிக் கிட்டார் என்றால் நேராகவே செருகிப் பாருங்கள், பரவாயில்லாமல் இருக்கும். எதுவானாலும் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் ஜாக்கைச் செருகவும் கழற்றவும் வேண்டும், அந்த 'டமார்' ஸ்பீக்கருக்கு நல்லதல்ல.

பேஸ் கிட்டார் படிக்க ஒருவர் வருகிறார், இருக்கிற கிட்டார் ஆம்பே போதுமா?  (வாசகர், தஞ்சாவூர்)

மெதுவாக வாசித்தால் சமாளிக்கலாம். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸின் தடித்த கம்பி 41. கூம்பு ஸ்பீக்கர் 'பொத்து பொத்து' என்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டால் உடனே குறைத்துவிடுங்கள், கிழிந்துவிடும்.

ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். பேசுவது நன்றாகக் கேட்கிறதாம், கிட்டார் மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறதாம். நல்ல ஆம்ப் வாங்கினால் சரியாகுமா? (வாசகர், சேலம்)

ஆகாது, காசைச் செலவழிக்காதீர்கள். நீங்கள் வகுப்புக்குப் பயன்படுத்தும் வீடியோ அழைப்புச் செயலி மனிதக் குரலுக்காகச் செய்தது, நீண்டு ஒலிக்கும் கம்பியை ஃபேன் சத்தம் மாதிரி இரைச்சல் என்று நினைத்து அடக்கிவிடுகிறது. ஜூமில் ஒலி அமைப்புகளுக்குள் இசைக் கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள், பிள்ளையின் பக்கமும் போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் செலவு செய்ய மனமிருந்தால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்குங்கள், ஆம்ப் இல்லாமலே கிட்டாரும் மைக்கும் நேராகக் கணினிக்குள் போய்விடும். ஒன்று மட்டும், இணையத்தில் இருவரும் சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள், தாமதம் இருக்கத்தான் செய்யும். நீங்கள் வாசியுங்கள், பிறகு பிள்ளை வாசிக்கட்டும்.

பதினொரு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். இப்போது இரவில் படுத்தால் காதுக்குள் 'கீ' என்று கேட்கிறது. ஆம்பால் இருக்குமா? (வாசகர், கோவை)

இருக்கலாம். வேலையிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88இல் நாலு மணி நேரம், 91இல் இரண்டு. பிள்ளை ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறது, நீங்கள் ஆறு மணி நேரமும் அதே நாற்காலியில் இருக்கிறீர்கள். போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு உங்கள் காதுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், துல்லியமாக இருக்காது, ஆனாலும் 70ஆ 90ஆ என்று தெரிந்துவிடும். நாற்காலியை ஆம்பின் நேர்க்கோட்டிலிருந்து ஓரமாக நகர்த்துங்கள், இரண்டு வகுப்புக்கு நடுவே பத்து நிமிடம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியே போய் நில்லுங்கள். இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான் கிடைக்கிறது, எல்லா சுரத்தையும் ஒரே அளவில் குறைக்கும், பஞ்சு மாதிரி மந்தமாக்காது.

அதற்கெல்லாம் முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஒரு ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்துவிடுங்கள். முந்தின நாள் வகுப்பு வைத்துக்கொள்ளாதீர்கள், ஒருநாள் ஓய்ந்த காதோடு போனால்தான் உண்மை நிலவரம் தெரியும்.